ஆவாரம்பள்ளி ஏரி நிரம்பியது, மச்சான்

முகம் கொடுத்துப் பேசாத வருஷத்திலும் எனக்கென்று வெற்றிலை மடித்து அனுப்பிய என் மச்சானுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்பிவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலையில் கலிங்கைத் தாண்டித் தண்ணீர் வழிந்து ஓடியதாம். ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னதை நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி, சாமராஜநகரத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துப் போய் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கரையில் ஓர் இடத்திலும் கசிவு இல்லை. இரண்டு முறை நடந்து பார்த்தேன்.

நாளை மறுநாள் உங்கள் வருஷ நினைவு. தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் ஊர்ச் சனம் கூடுகிறது. நாலு வார்த்தை பேசு என்று என்னைக் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்குக் கால் நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? எழுதிக் கொடுத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று இதை எழுத உட்கார்ந்தேன். ஊரையே பார்க்காத பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். தமிழைவிடக் கன்னடம் சுலபமாக வரும் பிள்ளைகள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவாரம்பள்ளி ஒரே ஊர்தான். கோயில் ஒன்று, ஏரி ஒன்று, சந்தை ஒன்று. ஆனால் வடக்கூர் மைசூர் மகாராஜாவின் சீமை, தெற்கூர் வெள்ளைக்காரனின் கோயமுத்தூர் ஜில்லா. வடக்கூரில் மாடு திருட்டுப் போனால் அமல்தார் கச்சேரிக்குப் போக வேண்டும்; தெற்கூரில் போனால் தாசில்தார் கச்சேரிக்கு. தெற்கூரில் பிறந்த என் அக்காள் நஞ்சம்மாளை வடக்கூர்க்காரரான உங்களுக்குக் கட்டிக் கொடுத்தபோது, "பெத்த புள்ளைய வேற ராஜ்ஜியத்துக்கு அனுப்பிப்போட்டனே" என்று எங்கள் அம்மா அழுதாள். மறுநாள் காலையில் அக்காள் குடத்தோடு ஏரிக்கு வந்தால், எதிரே அம்மாவும் குடத்தோடு நிற்கிறாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்!

எல்லை ஏரியின் நடுவே போகிறது என்பார்கள். ஏரிக்கரை மேல் அதற்கு அடையாளமாக ஒரு கல் நட்டிருந்தார்களாம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மதகைத் திறந்தால் தண்ணீர் இரண்டு பக்க வயலுக்கும் போயிற்று. அதுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம்.

பிறகு அந்தப் பெருமழை வருஷம் வந்தது. மதகு இருந்த இடத்திலேயே கரை பிய்த்துக்கொண்டது. நாலு வண்டி ஒன்றாகப் போகலாம், அவ்வளவு அகலம். தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே பகலில் ஓடிப்போயிற்று. போகும்போது எல்லைக் கல்லையும் அடித்துக்கொண்டு போயிற்று.

அமல்தார் வந்து பார்த்தார். "உடைந்த இடம் மைசூருடையது, நாங்கள்தான் அடைப்போம். எல்லை தீர்மானமாகும் வரை வேறு யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். அடுத்த வாரம் தாசில்தார் வந்தார். மைசூர் என்ற சொல்லுக்குப் பதிலாகக் கோயமுத்தூர் என்று போட்டு அதையே சொன்னார். ஊர் ஆட்கள் நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கியபோது, எல்லையின் அடையாளத்தை அழிக்கிறார்கள் என்று கச்சேரி ஆட்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் யாருக்கு இறங்கத் துணிச்சல் வரும்?

ஒரு வருஷம் போயிற்று. இரண்டாவது வருஷம் கிணறுகள் இறங்கின. மூன்றாவது வருஷம் சனம் இறங்கியது, மைசூரை நோக்கி.

நீங்கள் அதற்கு வெகுநாள் முன்பே இங்கே வந்து தேவராஜ மொஹல்லாவில் வெற்றிலைக் கடை வைத்திருந்தீர்கள். நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், உங்களுக்கு நாலு பெரிய மனுஷரைத் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்கள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்கள். சாயங்காலம் உங்கள் கடை முன்னால் உட்கார்ந்து ஏரியைப் பற்றியே பேசினார்கள். நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கலாம், மச்சான். ஆனால் நாம் என்ன செய்தோம்?

வடக்கூர்க்காரர்கள் உங்களிடம் வந்தார்கள். "மதகு எந்தப் பக்கம்னு தீருதோ அந்தப் பக்கத்துக்குத்தான் தண்ணி" என்று பயம் காட்டினார்கள். எல்லைக் கல் மதகுக்குத் தெற்கே பதினைந்து அடியில் நின்றது, ஆகவே மதகு மைசூருடையது என்று நீங்கள் கன்னடத்தில் ஒரு மகஜர் எழுதி வாங்கி, தசராவுக்குக் கூடும் மைசூர் சபையின் மெம்பரிடம் கொடுத்தீர்கள். இது தெரிந்ததும் தெற்கூர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் தமிழில் ஒரு மகஜர் எழுதினேன். கல் மதகுக்கு வடக்கே பன்னிரண்டு அடியில் நின்றதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மதராஸ் சட்டசபை மெம்பருக்கு அனுப்பினேன்.

கல்லை நான் பார்த்ததே இல்லை. இதை இந்தக் கூட்டத்தில் சொல்வதற்கு எனக்கு இன்று கூச்சமில்லை.

என் மகஜரைப் பற்றி உங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கடை வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். "பன்னெண்டு அடியா? அளந்தியா மாப்ளே? உங்கப்பன் காட்டுக்கு வரப்பு அளக்கத் தெரியாது, கல்லுக்கு அடி அளக்கறயா?" என்றீர்கள். அப்பாவை இழுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். அன்றிலிருந்து ஒரு வருஷம் நீங்கள் ஒரு தெரு, நான் ஒரு தெரு. அக்காள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். ஒவ்வொரு முறையும் மடித்த வெற்றிலைப் பொட்டலம் ஒன்றை என் முன்னால் வைப்பாள். "யார் குடுத்தது?" என்று கேட்டால், "கடையில மிச்சமாச்சு, தின்னா தின்னு, இல்லாட்டிப் போ" என்பாள். கொழுந்து வெற்றிலை எந்தக் கடையில் மிச்சமாகும்?

பிறகு மாராயி வந்தாள். அவள் தெற்கூர், எங்கள் பெரியப்பன் மகள். எருமையை விற்றுவிட்டு, மூன்று பெண் குழந்தைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். என் வீடு அவளுக்குத் தெரியவில்லை. வெற்றிலைக் கடை மாதப்பன் என்று கேட்டு உங்களிடம் வந்து நின்றாள். ஊரில் அவள் புருஷன் உங்கள் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் ஒன்றும் கேட்காமல் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து கொடுத்தீர்கள். குழந்தைகள் வந்ததும் முதலில் தொட்டித் தண்ணீரில் கையை விட்டு அளைந்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் அன்று முழுவதும் வியாபாரம் செய்யவில்லை என்று அக்காள் பிறகு சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் கூட்ஸ் ஷெட்டில் சணல் மூட்டைகளுக்கு நடுவே நீங்கள் வந்து நின்றீர்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. கையில் ஒரு காகிதம். உங்கள் மகஜர் திரும்பி வந்திருந்தது. என் மேஜைக்குள்ளும் அதே மாதிரி ஒன்று கிடந்தது, இரண்டு நாளாக நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊராரே ஒருவருக்கொருவர் மாறாகச் சாட்சி சொல்வதால் சர்க்கார் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று இரண்டிலும் எழுதியிருந்தது. உங்கள் மகஜரைக் காட்டி மதராஸ்காரர்கள் என்னை மறுத்திருந்தார்கள். என்னுடையதைக் காட்டி மைசூர்க்காரர்கள் உங்களை மறுத்திருந்தார்கள்.

"மாப்ளே" என்றீர்கள்.

"சொல்லுங்க."

"அந்தக் கல்ல நீ பாத்தியா?"

நான் மேஜை மேல் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"நெசத்தச் சொல்லு. இங்க யாருமில்ல."

"இல்லீங்க."

நீங்கள் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தீர்கள். "நானும் பாக்கல. உண்ணிச் செடி மூடிக் கெடந்துது. அந்தப் பொதருக்குள்ள எவன் போவான்?" என்றீர்கள்.

முதலில் யார் சிரித்தது? நீங்களா, நானா? ஷெட் மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் பேசாமலிருந்த இரண்டு பேர் சணல் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் விளங்கும்?

அன்றே தொடங்கினோம். ஒரே மகஜர், கன்னடத்தில் ஒரு படி, தமிழில் ஒரு படி. நான் எழுதியதை நீங்கள் வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். "எல்லைங்கற வார்த்தையே இதுல இருக்கப்படாது. எடு" என்றீர்கள். "அது இல்லாமல் எப்படி எழுதறதுங்க?" என்றேன். "ஏரி ஒடஞ்சு போச்சு, அடைக்க உடுங்கன்னு எழுது. யாரோட ஏரின்னு கேட்டா தண்ணி குடிக்கறவனோடதுன்னு எழுது" என்றீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தோம். கடைசியில் மகஜர் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

கையெழுத்து வாங்கும் முறையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரு வடக்கூர்ப் பெயர், அதற்குக் கீழே ஒரு தெற்கூர்ப் பெயர். மூட்டை இறக்கிவிட்டு வந்த கைகள், தக்காளிக் கூடைக்காரிகளின் கைகள், எல்லாவற்றின் ரேகையும் அதில் விழுந்தது. சிலர் மறுத்தார்கள். "அவனுக்கு அடுத்தாப்புல என் பேரா?" என்றார்கள். நீங்கள் வற்புறுத்தவில்லை. மறுநாள் மறுபடி அவர்கள் முன்னால் போய் நின்றீர்கள், அவ்வளவுதான்.

பாதிப் பெயர்கள் வாங்கியிருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. பதினேழு நாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவணி கடைசியில் போய்விட்டீர்கள். இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

நீங்கள் போனதும் காரியம் கலைந்துவிடும் போலிருந்தது. "மாதப்பண்ணன் இருந்தாரு, நம்புனோம். இப்ப தெக்கூரான் கையில காகிதம் கெடக்குது" என்று வடக்கூர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் தங்கள் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். சபை கூடப் பதினைந்து நாள்கூட இல்லை. நான் மெம்பர் வீட்டுக்குத் தனியாகப் போவதாக இருந்தேன். அக்காள் காலையிலேயே புறப்பட்டு வந்து நின்றாள். துக்க வீட்டுப் பெண்பிள்ளை, காரியம் முடிந்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை. சொந்தக்காரப் பெண்கள் மறித்தார்கள்.

"அவரு இருந்தா அவரு போயிருப்பாரு. இல்ல, அதனால நான் போறேன். இதுல என்ன பேச்சு கெடக்குது?" என்றாள். மறித்தவர்கள் வழி விட்டார்கள்.

மெம்பர் லட்சுமிபுரத்தில் இருக்கும் வக்கீல். கன்னடக்காரர், கண்டிப்பான மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார். மேலே உங்கள் பழைய மகஜரின் நகல் இருந்தது. அதன் கீழே என்னுடைய மகஜரின் நகல். மைசூர் சர்க்காரிடம் அது போனது தெரியும், இவர் கைக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"கல்லு எல்லித்து?" என்று கேட்டார். கல் எங்கே இருந்தது என்று.

"போன வருஷம் பன்னிரண்டு அடி வடக்கே என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் கண்டதாகக் கையெழுத்து இருக்கிறது. ரயில்வே கிளார்க் என்றும் போட்டிருக்கிறீர்கள். இந்தப் புது மகஜரில் கல்லைக் காணோம். சபையில் யாராவது இந்தப் பழைய காகிதத்தை எடுத்து நீட்டினால் நான் என்ன சொல்வது?" என்றார்.

மச்சான், அந்த நேரத்தில் எனக்கு ஏரி ஞாபகம் வரவில்லை. என் வேலைதான் ஞாபகம் வந்தது. பொய்ச் சாட்சி எழுதியவன் என்று ஒரு வரி என் மேலதிகாரிக்குப் போனால் போதும். மூன்று பிள்ளைகள், வயதான அம்மா. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாமா என்றும் தோன்றியது. கடைசியில், "நான் பார்க்கவில்லை சுவாமி. பொய் எழுதினேன்" என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் உங்கள் மகஜரை விரலால் தட்டினார். "அப்படியானால் இதில் இருப்பது உண்மையா? தெற்கே பதினைந்து அடி?"

நான் அக்காளைப் பார்க்கவில்லை. உங்களைப் பற்றி என் வாயால் அதைச் சொல்ல முடியாது. செத்துப்போன மனுஷர், தன்னைக் காத்துக்கொள்ள வர முடியாதவர். தெரியாது என்று சொல்லி உங்கள் பெயரைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் வடக்கூரின் பதினைந்து அடி நிற்கும், எல்லைச் சண்டையும் தீராது.

அக்காள் எழுந்து நின்றாள். மார்க்கெட்டில் பழகிய கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள்: "நம்ம யஜமான்ரூ சுள்ளே பரெதித்ரு, சுவாமி." எங்கள் வீட்டுக்காரரும் பொய்தான் எழுதியிருந்தார் என்று. பிறகு, தம்பியும் அவரும் ஒருநாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அன்றிலிருந்துதான் இந்தப் புதுக் காகிதம் உண்டானது என்றாள்.

உங்களுக்குக் கோபமா, மச்சான்? சந்தனம் காயாத உங்கள் படத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்து, அந்நியர் முன்னால் உங்களைப் பொய்யர் என்று சொன்னாளே என்று? வெளியே வந்ததும் அக்காள் அந்த வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாருடா" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் ஆமாம் என்றேன். அது சரிதானே?

அதற்கு முன், நாங்கள் உள்ளே இருந்தபோதே, மெம்பர் இரண்டு பழைய காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இரண்டு சர்க்காரும் மூன்று வருஷமாக, யாருமே பார்க்காத ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். பழைய மகஜர்கள் இரண்டையும் கட்டுக்கு அடியில் செருகினார். "இவை என்னிடம் இருக்கட்டும். வேறு யாருக்கும் தேவைப்படாது" என்றார். அதற்குப் பிறகும் நாலு மாசம், தபால்காரர் ஆபீசுக்குள் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் அதே மேஜையில்தான் வேலை பார்க்கிறேன்.

சபையில் அவர் கேட்டார். எல்லை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த வழக்கு தன் போக்கில் நடக்கட்டும், அதுவரை கரையை ஊரார் அடைத்துக்கொள்ள இரண்டு சர்க்காரும் அனுமதி கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாராம். ஆலோசிப்பதாகப் பதில் வந்தது. வெளியே காத்திருந்த நாங்கள் தசரா கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வந்தோம். ஊரெல்லாம் வாத்தியம், அலங்காரம்.

ஐப்பசியில் நானும் வடக்கூர்க்காரர் ஒருவருமாகக் கொள்ளேகாலம் போய் மதராஸ் சட்டசபை மெம்பரைப் பார்த்தோம். பெரிய நிலக்காரர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க மைசூர்ல பொழைக்கறீங்க. மைசூர் சோத்தத் திங்கறீங்க. எங்க ஜில்லா வெவகாரம் உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார்.

எங்கிருந்து எனக்கு வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. "ஊரு வேண்டாமுன்னு நாங்க வரலீங்க. தண்ணியில்லாம வந்தமுங்க. பெத்தவங்க இன்னும் அங்கதானுங்க இருக்கறாங்க. அவங்க சொன்னா பக்கத்து ஊருக்குக்கூடக் கேக்காதுங்க. அதனாலதான் ரெண்டு சபையிலயும் வந்து நாங்க சொல்றமுங்க" என்றேன். என்னோடு வந்தவர் வடக்கூர் என்று தெரிந்ததும் அவர் காகிதத்தை மறுபடி வாங்கிப் பெயர்களைப் பார்த்தார். "இவனுக அவனுக எல்லாம் கலந்து கெடக்குதே" என்றார். "அப்படித்தானுங்க இருக்குது ஊரும்" என்றார் நம் வடக்கூர்க்காரர். மைசூர் மெம்பருக்கு ஒரு கடிதம் போடுவதாகச் சொல்லிச் சட்டசபை மெம்பர் எங்களை அனுப்பினார். போட்டும் இருக்கிறார்.

தை மாசம் உத்தரவு வந்தது. மெம்பரின் குமாஸ்தா கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கடையை இப்போது அக்காள்தான் நடத்துகிறாள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கடையை அப்படியே மாராயியிடம் விட்டுவிட்டுக் கூட்ஸ் ஷெட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அடைக்கலாமுன்னுட்டாங்கடா, தம்பி. அடைக்கலாமுன்னுட்டாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மாசியில் வேலை நடந்தது. மைசூரிலிருந்து முப்பது பேருக்கு மேல் போனோம். எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. அமல்தாரும் வந்தார், தாசில்தாரும் வந்தார். நாற்காலியை எங்கே போடுவது என்று ஒரு குழப்பம். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இடத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடுமாம். உடைப்புக்கு அந்தக் கரையில் ஒருவரும் இந்தக் கரையில் ஒருவருமாக உட்கார்ந்து, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டார்கள். மண் விழ விழ நாற்காலிகள் கிட்டே வந்தன. ஏழாம் நாள் இருவரும் ஒரே செம்பில் மோர் குடித்தார்கள். நீங்கள் இருந்தால் அதைச் சொல்லியே ஒரு மாசம் வியாபாரம் பண்ணியிருப்பீர்கள்.

எங்களுக்கு இருந்த ஒரே பயம், மண் வெட்டும்போது அந்தக் கல் அகப்பட்டுவிடுமோ என்பதுதான். மண்வெட்டி எதிலாவது டங்கென்று பட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாம் வெறும் பாறைத் துண்டுகள். கடைசிவரை கல் வரவில்லை. மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சிலர் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

எல்லை இன்னும் தீரவில்லை, மச்சான். ஆனியில்கூடச் சங்கிலியோடு இரண்டு சர்வேக்காரர்கள் வந்து கரையில் நின்று வாதாடினார்களாம். சாட்சிக்கு ஆள் கேட்டார்களாம். ஊரில் ஒருவரும் போகவில்லை. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மாராயி ஆடியில் குழந்தைகளோடு திரும்பிப் போய்விட்டாள். அவள் புருஷன் வந்து கூட்டிப்போனான். கடை முன்னால் வந்து உங்கள் பெயரை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தான். அக்காள் வெற்றிலை கொடுத்து அனுப்பினாள். எல்லோரும் திரும்பவில்லை. சிலருக்கு இங்கே வேலை பிடித்துவிட்டது, சிலருக்கு அங்கே வீடு விழுந்துவிட்டது. போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. சாயங்காலக் கூட்டத்தில் இப்போது ஏரியைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண் கொடுப்பது, எடுப்பது, கூலி, கோழிக்குஞ்சு என்று சாதாரணமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?

நேற்று கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். எல்லையில் வேறொரு பக்கத்து ஊர்க்காரர்கள், இரண்டு சீமையிலிருந்தும் சேர்ந்தே வந்தவர்கள். அவர்கள் கோயில் மைசூரில் இருக்கிறது, கோயில் நிலம் மதராஸில் இருக்கிறதாம். ஒரு மகஜர் எழுதித் தரச் சொன்னார்கள். ஒருவர் ஆரம்பிக்கும்போதே, "எங்க தாத்தன் காலத்துல அந்த வேலிய நான் கண்ணால கண்டனுங்க" என்றார். அக்காள் வெற்றிலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "உங்களுக்கு அப்ப என்ன வயசுங்க?" என்று கேட்டாள். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அவர்களுக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கடுத்து யார் வந்தாலும் எழுதுவேன். எந்தச் சீமைக்காரராக இருந்தாலும் சரி, இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து வந்தால்தான் பேனாவைத் தொடுவேன். ஒருவர் மட்டும் வந்தால், போய் மற்றவரைக் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். வர ஒரு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, மச்சான். பக்கத்தில் அக்காள் சாட்சி.

உங்கள் பெண்சாதியின் தம்பி, உங்கள் மாப்பிள்ளை,
பொன்னுசாமி